யோக்யகர்த்தாவில் குடும்பத்தோடு ஒரு நாள்: வழிகாட்டியை வைத்துச் சுற்றிப் பார்ப்பது எப்படி?

ஜாவா தீவின் யோக்யகர்த்தாவுக்கு முதன்முறை போகிறவர்கள் போரோபுதூர் பௌத்தத் தலம், பிரம்பானான் இந்துக் கோயில், சுல்தான் அரண்மனை மூன்றையும் ஒரே நாளில் பார்த்துவிடத் துடிப்பார்கள். வேண்டாம். போரோபுதூர் நகரிலிருந்து ஏறக்குறைய 40 கிலோமீட்டர் வடமேற்கே இருக்கிறது. பிரம்பானான் 17 கிலோமீட்டர் கிழக்கே. பிள்ளைகளையும் பெரியவர்களையும் வைத்துக்கொண்டு போனால் பாதி நாள் காரிலேயே கழிந்துவிடும். போரோபுதூரை மறுநாளுக்கு வையுங்கள்.

முதல் படி, கிழமை. திங்களைத் தவிருங்கள். க்ராத்தோன் என்னும் சுல்தான் அரண்மனைக்கு அன்று விடுமுறை. மற்ற நாட்களிலும் பிற்பகலில் சீக்கிரமே அடைத்துவிடுவார்கள்.

இரண்டாம் படி, வழிகாட்டி. உரிமம் பெற்றவரா என்று கேட்டு, அட்டையைப் பார்த்துவிட்டு அமர்த்துங்கள். கார் வாடகையில் டிரைவர், பெட்ரோல், பார்க்கிங் எல்லாம் அடங்குமா, நுழைவு டிக்கெட் தனியா என்பதை முன்கூட்டியே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். 'கடைகளுக்கு அழைத்துப் போக வேண்டாம்' என்று அப்போதே சொல்லிவிடுவது நல்லது. முதல் பயணத்தில் நாங்கள் இதைச் சொல்லவில்லை. பாத்திக் துணிக்கடை ஒன்றில் ஒரு மணி நேரம் போய்விட்டது, அரண்மனைக் கதவும் அடைத்துவிட்டது. வழிகாட்டி வயதில் மூத்தவரானால் 'பாக்' என்றும், இளைஞரானால் 'மாஸ்' என்றும் அழையுங்கள். முகம் மலர்ந்துவிடும்.

மூன்றாம் படி, பிரம்பானான். காலை ஏழு மணிக்கெல்லாம் அங்கே இருங்கள். கோயில் முற்றம் முழுக்கக் கல். பத்து மணிக்கு மேல் கால் வைக்க முடியாத சூடு. அதைவிடப் பெரிய காரணம், 47 மீட்டர் உயரமுள்ள நடுச் சிவன் கோயிலின் முதன்மைக் கருவறை கிழக்கு பார்த்திருப்பது. இளவெயில் உள்ளே விழும்போது சிவனைப் பார்ப்பதற்கு ஈடே இல்லை. ஒன்பதாம் நூற்றாண்டுக் கோயில் இது. படிகள் செங்குத்தானவை, மூட்டுவலி உள்ளவர்களைக் கீழே புல்வெளி மரநிழலில் உட்கார வைத்துவிட்டு ஏறுங்கள்.

மேலே போனதும் இடமிருந்து வலமாகச் சுற்றி வாருங்கள். கைப்பிடிச் சுவரின் உட்புறத்தில் ராமாயணம் வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. சடாயுவின் காட்சியில் வழிகாட்டியை நிறுத்தச் சொல்லுங்கள். இங்கே சீதை தன் மோதிரத்தைச் சடாயுவிடம் கொடுக்கிறாள். விழுந்து கிடக்கும் பறவை அதை ராமனிடம் சேர்க்கிறது. நாம் கேட்டு வளர்ந்த கதையில் இது இல்லை. பிள்ளைகளையே அந்த மோதிரத்தைத் தேடிக் கண்டுபிடிக்க விடுங்கள். தெற்கு அறையைத் தவறவிடாதீர்கள்: தாடியும் தொந்தியுமாக அங்கே நிற்பவர் நம் அகத்தியர். பொதிகை மலை முனிவரைக் கடல் கடந்து பார்த்ததும் என் அம்மா கைகூப்பிவிட்டார். மேற்கு அறையில் பிள்ளையார், வடக்கில் துர்க்கை. துர்க்கையை உள்ளூர்க்காரர்கள் லோரோ ஜொங்ராங் என்ற இளவரசியாகச் சொல்வார்கள். ஒரே இரவில் ஆயிரம் கோயில் கட்டக் கேட்ட அவள் கதையை வழிகாட்டி வாயால் கேளுங்கள்.

நான்காம் படி, பத்தரை மணிக்கு அரண்மனை. 1755இல் ஜாவாவின் மாதாராம் அரசு இரண்டாகப் பிரிந்தபோது முதலாம் ஹமெங்குபுவோனோ எழுப்பியது. சுல்தான் குடும்பம் இன்றும் இங்கே வசிக்கிறது. தொப்பியைக் கழற்றிவிடுங்கள். வெறுங்காலோடு நடமாடும் 'அப்தி டாலம்' பணியாளர்களைப் படமெடுக்கும் முன் அனுமதி கேளுங்கள். ஒரு மணி நேரம் போதும்.

மதியச் சாப்பாட்டுக்குக் குடெக். பலாப்பிஞ்சைத் தேங்காய்ப்பாலும் பனைவெல்லமும் சேர்த்து மணிக்கணக்கில் வேகவைத்த இனிப்புக் கறி இது. சைவக் குடும்பங்கள் கவனிக்க: கூடவே வரும் 'கிரெச்செக்' மாட்டுத்தோல். 'தன்பா கிரெச்செக், தன்பா டாகிங்' என்றால், தோலும் வேண்டாம், இறைச்சியும் வேண்டாம் என்று பொருள். குழம்பிலும் இறைச்சி கலந்திருக்கிறதா என்று வழிகாட்டியைக் கேட்கச் சொல்லுங்கள்.

பிறகு தாமன் சாரி நீராழி மாளிகையை ஒரு சுற்று சுற்றிவிட்டு, விடுதிக்குப் போய்த் தூங்குங்கள்.

கடைசிப் படி, பொழுது சாய்ந்ததும் அரண்மனைக்குத் தெற்கே உள்ள மைதானம். நடுவில் இரண்டு பெரிய ஆலமரங்கள். கண்ணைக் கட்டிக்கொண்டு இரண்டுக்கும் இடையே நேராக நடந்துவிட்டால் நினைத்தது நடக்கும் என்பது ஊர் நம்பிக்கை. எங்கள் வீட்டில் எல்லோரும் பக்கவாட்டில் விலகிப் போக, அம்மா மட்டும் நேராக நடந்து போய்ச் சேர்ந்தார். என்ன நினைத்துக்கொண்டார் என்று இன்றுவரை சொல்லவில்லை. கண்ணைக் கட்டும் துணி அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும்.