பூஸ்ட் ஏறும்போது மட்டும் இன்ஜின் திக்குகிறதா?

பூஸ்ட் (டர்போ இன்ஜினுக்குள் திணிக்கும் காற்றின் அழுத்தம்) கூட்டி ட்யூன் செய்த டர்போ கார் ஐட்லிங்கில் சமர்த்தாக நிற்கும். மூன்றாவது கியரில் முழுசாக மிதித்தால் மட்டும் திக்கும். பெரும்பாலும் தீப்பொறிக் கோளாறுதான். சிலிண்டருக்குள் அழுத்தம் ஏற ஏற, ஸ்பார்க் பிளக் இடைவெளியைத் தாண்ட அதிக வோல்டேஜ் வேண்டும். சோர்ந்துபோன இக்னிஷன் காயிலால் (பிளக்குக்கு அந்த வோல்டேஜைத் தரும் பாகம்) அது முடியாது.

காரின் கோளாறுக் குறியீட்டைப் படிக்கும் ஸ்கேனரில் பி0303 வந்தால் திக்குவது மூன்றாவது சிலிண்டர். அதன் காயிலை ஒன்றாவதுக்கு மாற்றி மாட்டி ஓட்டிப் பாருங்கள். குறியீடு பி0301 என்று மாறினால் காயில்தான் குற்றவாளி. மாறவில்லையா? பிளக்கைக் கழற்றி அதன் இடைவெளியை ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) அளந்துவிடுங்கள். 0.8 மி.மீ. இருந்தால் 0.6 பக்கம் குறைத்தாலே பல கார்கள் அடங்கிவிடும் (இரிடியம் முனையை மட்டும் நெம்பிவிடாதீர்கள், உடையும்). அதற்கும் மசியாவிட்டால் அப்புறம் இன்ஜெக்டரையும் (பெட்ரோலைப் பீய்ச்சும் பாகம்) சிலிண்டரின் கம்ப்ரெஷன் அழுத்தத்தையும் பாருங்கள்.

செக் இன்ஜின் விளக்கு விட்டுவிட்டு மின்னினால் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுங்கள்; எரியாத பெட்ரோல் கேட்டலிடிக் கன்வர்ட்டரை (புகையைச் சுத்தம் செய்யும் பாகம்) பொசுக்கிவிடும்.