திருச்செந்தூர், மணப்பாடு, உவரி: பஸ்ஸிலேயே ஒரு நாள்

திருநெல்வேலியில் காலையில் கிளம்பினால் இந்த மூன்று ஊரையும் பார்த்துவிட்டு ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீடு வந்துவிடலாம். கார் வேண்டாம். முதல் தடவை அத்தையைக் கூட்டிக்கொண்டு போய்ப் பாதி வழியில் மாட்டிக்கொண்டேன், இரண்டாவது தடவைதான் சரியாக வந்தது. அந்த இரண்டாவது தடவையின் கணக்கு இது.

போன வழியே திரும்பாதீர்கள். திருச்செந்தூரில் தொடங்கித் தெற்கே கடலோரமாகவே இறங்கி, உவரியிலிருந்து திசையன்விளை வழியாக ஊர் திரும்புங்கள்.

முதலில் திருச்செந்தூர். பஸ்ஸைவிட ரயில்தான் என் கட்சி. ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரிப் பக்கம் வாழையும் நெல்லும் பார்த்துக்கொண்டு வந்தால், ஆறுமுகநேரியில் உப்பளம் வந்துவிடும். கடலில் குளித்து, நாழிக்கிணற்றில் உப்புப்போக ஊற்றிக்கொண்டு, அப்புறம் கோயில். உள்ளே செல்போன் கூடாது, ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும். கூட்டமாகப் போகிறவர்கள் போனை ஒப்படைக்கும் முன்பே எங்கே சந்திப்பது என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். அத்தையை நான் முக்கால் மணி நேரம் தேடினேன். கந்தசஷ்டி, வைகாசி விசாகம் சமயத்தில் இந்தத் திட்டமே செல்லாது. குலசேகரன்பட்டினம் தசரா நாட்களிலும் அப்படித்தான், ரோடே வேஷம் கட்டியவர்களுடையது.

அடுத்தது மணப்பாடு. நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். கன்னியாகுமரி பக்கம் போகும் எந்த பஸ்ஸும் மணப்பாடு போகும் என்று நினைத்து ஏறிவிட்டேன். அது மெயின் ரோட்டோடு போய்விடும், ஊர் கடல் பக்கம் உள்ளே இருக்கிறது. கண்டக்டர் டிக்கெட் கிழிக்கும்போதே, “அண்ணாச்சி, விலக்குல எறங்குதியளா, ஊருக்குள்ள போவணுமா?” என்று கேட்டார். விலக்கு என்றால் மெயின் ரோட்டிலிருந்து ஊருக்குப் பாதை பிரியும் இடம். அவசரத்தில் “விலக்குதான்” என்று சொல்லிவிட்டேன். உச்சி வெயில், செருப்பைத் தாண்டிச் சுடுகிற தார், கையில் அத்தையின் ஈரப்புடவைப் பை. ஆட்டோ ஒன்று வரும் வரை அத்தை என்னிடம் பேசவே இல்லை. ஆகவே ஏறும் முன்பே “ஊருக்குள்ள போகுமா?” என்று கேளுங்கள். போகாது என்றால் அடுத்ததுக்கு நில்லுங்கள். திருச்செந்தூர் பஸ் ஸ்டாண்டில் நிழலாவது உண்டு.

ஊருக்குள் போனதும் நேராகக் கடலோர மணல்மேட்டின் மேல் இருக்கும் திருச்சிலுவை ஆலயத்துக்கு ஏறுங்கள். கீழே புனித சவேரியார் தங்கியதாகச் சொல்லப்படும் குகை. அவர் 1542-இல் இந்தக் கரைக்கு வந்தவர். குகையில் ஒரு கிணறு, கடல் பக்கத்திலேயே நல்ல தண்ணீர். நாழிக்கிணற்றைப் பார்த்துவிட்டு வந்த அத்தை இங்கேயும் ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தார். மேட்டிலிருந்து ஒரு பக்கம் அலை மோதுகிறது, மறுபக்கம் கழிமுகத் தண்ணீர் அசையாமல் கிடக்கிறது. அதைப் பார்க்க அரை மணி ஒதுக்குங்கள். பெண்களின் கூட்டுறவுச் சங்கம் ஒன்று இங்கே பனையோலைப் பொருட்கள் முடைகிறது. பிளாஸ்டிக் பையைவிட ஓலைப்பெட்டி ஒன்று வாங்கிக்கொள்வது மேல். செப்டம்பர் 14-ஐ ஒட்டித் திருவிழா, அப்போது கூட்டம்.

கடைசியாக உவரி. சுயம்புலிங்க சுவாமி கோயில், அந்தோணியார் கோயில், கப்பல் வடிவில் கட்டிய கப்பல் மாதா கோயில், மூன்றும் ஒரே ஊரில். மூன்று மணிக்குப் போனபோது சிவன் கோயிலில் நடை சாத்தியிருந்தது. காத்திருந்த நேரத்தில், நேர்த்திக்கடனுக்குக் கடல் மண்ணை ஓலைப்பெட்டியில் சுமந்து கரையில் கொட்டும் ஒரு குடும்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். சின்னப் பையன் பெட்டி பாதி வழியிலேயே காலியாகிவிடும். அவன் பாட்டி ஒவ்வொரு தடவையும் கணக்கில் சேர்த்துக்கொண்டே இருந்தார்.

திரும்ப: திருநெல்வேலி பஸ்ஸுக்காக உவரியில் நிற்காதீர்கள். எது வந்தாலும் திசையன்விளைக்கு ஏறிவிடுங்கள், அங்கிருந்து பஸ் சுலபமாகக் கிடைக்கும். இருட்டும் முன் கிளம்பினால் நல்லது.

பின்னர் சேர்த்தது: சூரியன் கடலில் மறைவதைப் படம் எடுக்கக் காத்திருந்து ஏமாந்ததாக ஒரு தம்பி எழுதியிருக்கிறார். இது கிழக்குப் பார்த்த கரை தம்பி, அஸ்தமனம் பனைமரங்களுக்குப் பின்னால்தான். கடலில் வேண்டுமென்றால் உதயத்துக்கு வாருங்கள்.

இந்தப் பக்கத்துச் செம்மணல் மேடான தேரியை ஏன் விட்டீர்கள் என்று இரண்டு பேர் கேட்டார்கள். குதிரைமொழித் தேரியின் செம்மணலுக்கு பஸ்ஸை நம்ப முடியாது, பைக் வேண்டும். ஆனி, ஆடியில் போகாதீர்கள். அந்தக் காற்றில் மணல் முழங்காலில் ஊசி மாதிரிக் குத்தும்.

கருப்பட்டி உடன்குடியில் வாங்குங்கள். சுக்கு போட்ட சில்லுக்கருப்பட்டி இருந்தால் அதையும். உடைத்துக் காட்டச் சொல்லத் தயங்காதீர்கள். அத்தை கடைக்காரர் உடைத்த துண்டை வாயில் போட்டு, “சீனி கலந்திருக்கு” என்று அடுத்த கடைக்கு நடந்துவிட்டார்.