வாடைக் காலத்து மந்தம்: மேசையை மாற்றினேன்

பாம்பனில் எங்கள் வீடு வடகடலைப் பார்த்தது. கார்த்திகை பிறந்தால் வாடைக்காற்று நேராக என் மேசைக்குத்தான் வரும். போன வருடம் அரையாண்டுத் தேர்வு நேரம். புத்தகத்தைத் திறந்தாலே கண் சொக்கும், காரணமில்லாமல் எரிச்சல், நோட்டுத் தாள்கூட நசநசவென்று. காபியைக் கூட்டிப் பார்த்தேன். ராத்தூக்கம் போனதுதான் மிச்சம்.

அப்பா வலையைக் கட்டிக்கொண்டே சொன்னார்: "வாடையில வடகடல் கலங்குனா நாங்க தென்கடலுக்கு மாறிக்கிறோம்ல? நீயும் மாறுடா."

மேசையைப் பின்பக்கத் திண்ணைக்குத் தூக்கிப் போட்டேன். தெற்கு வெயில், காற்று அடங்கிய இடம். மார்கழியில் கோயில் ஒலிபெருக்கி எப்படியும் ஐந்து மணிக்கு எழுப்பிவிடும். திட்டிக்கொண்டு புரளாமல் எழுந்து, வெளிச்சம் வந்ததும் தென்கடல் கரையில் இருபது நிமிடம் நடந்தேன். ஒரு வாரத்தில் பகல் தூக்கம் விட்டது.

சனிக்கிழமைகளில் தனுஷ்கோடி பஸ் ஏறி, கோதண்டராமர் கோயில் பக்கம் தேங்கிய நீரில் பூநாரைகளை எண்ணி நோட்டில் குறிப்பேன். பாட்டிக்கு மட்டும் பிடிக்காது. டிசம்பர் என்றாலே அவருக்கு 1964 புயல்தான். மழை வலுத்தால் நானும் போவதில்லை.

கணக்கு இன்னும் கசக்கத்தான் செய்கிறது. அதற்குத் திண்ணை என்ன செய்யும்?