பல் துலக்கும் பிரஷ்: கழுவுவதிலும் மாற்றுவதிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உங்கள் பிரஷ்ஷை எடுத்து, அதன் இழைகளைக் கட்டைவிரலால் ஒரு பக்கமாகச் சாய்த்து, அவை தலைப்பகுதியில் ஊன்றியிருக்கும் இடத்தை வெளிச்சத்தில் பாருங்கள். அங்கே வெள்ளையாகவோ பழுப்பாகவோ ஏதாவது படிந்திருந்தால், அது காய்ந்த பேஸ்ட், எச்சில், உணவுத் துணுக்கு, பல்லிலிருந்து வழித்தெடுத்த அழுக்குப் படலம் எல்லாம் சேர்ந்து இறுகியது. அடுத்த முறை பல் துலக்கும்போது அதுவும் வாய்க்குள் போகிறது.

பயப்படும் அளவுக்கு இது பெரிய ஆபத்தில்லை. பயன்படுத்திய எந்த பிரஷ்ஷிலும் கிருமிகள் இருக்கத்தான் செய்யும். பெரும்பாலானவை நம் வாயிலேயே குடியிருப்பவை. ஆரோக்கியமாக இருப்பவருக்கு அவற்றால் நோய் வருவது அரிது. ஆனால் பிரஷ் தன் வேலையைச் சரியாகச் செய்ய இரண்டு வேண்டும்: ஒரு வேளைக்கும் அடுத்த வேளைக்கும் இடையில் அது நன்றாகக் காய வேண்டும், இழைகள் நேராக நிற்க வேண்டும். பெரும்பாலான தவறுகள் இந்த இரண்டில் ஒன்றைத்தான் கெடுக்கின்றன.

தண்ணீரில் ஒரு முக்கு, இரண்டு உதறு

பலரும் பிரஷ் கழுவுவது இப்படித்தான். இழைகள் கொத்துக் கொத்தாக நெருக்கமாக நடப்பட்டிருப்பதால், பிரஷ்ஷை வெறுமனே தண்ணீரில் முக்கி எடுத்தால் நுனிதான் சுத்தமாகும். அடிப்பகுதியில் பேஸ்ட் அப்படியே தங்கிவிடும். குழாயைத் திறந்து, இழைகள் மேல்நோக்கி இருக்கும்படி பிடித்து, தண்ணீர் நேராக அவற்றின் மேல் விழட்டும். கட்டைவிரலால் இடப்பக்கம், வலப்பக்கம், முன்னும் பின்னும் எனச் சாய்த்துச் சாய்த்துத் தேய்த்தால் கொத்துகளுக்கு இடையில் தண்ணீர் புகும். பத்துப் பதினைந்து விநாடி போதும். இழைகளை அழுத்தும்போது நுரையோ வெண்மையோ வராமல் தெளிந்த தண்ணீர் வந்தால் சுத்தமாகிவிட்டது என்று பொருள். பிறகு நான்கைந்து முறை பலமாக உதறி, தலைப்பகுதி மேலே இருக்கும்படி நிறுத்தி வையுங்கள். கை துடைக்கும் துண்டில் துடைக்க வேண்டாம். துண்டில் இருக்கும் அழுக்கு பிரஷ்ஷுக்கு வந்துவிடும்.

மூடி போட்டு வைப்பது

தூசி படாமல் இருக்கட்டும் என்று நல்ல எண்ணத்தில் செய்வதுதான். ஆனால் ஈரமான பிரஷ்ஷை மூடிக்குள் அடைத்தால் ஈரம் வெளியேற வழியில்லை. கிருமிகளும் பூஞ்சையும் பெருகுவதற்கு அந்தப் புழுக்கமே தோது. வீட்டில் மூடியே தேவையில்லை. பயணத்துக்குக் காற்றோட்டத் துளைகள் உள்ள மூடி போதும். அதையும் பிரஷ்ஷை நன்றாக உதறி, சுத்தமான டிஷ்யூ தாளால் ஒற்றி எடுத்த பிறகே போடுங்கள். போய்ச் சேர்ந்ததும் முதலில் கழற்றி, பிரஷ்ஷைக் காற்றாட நிறுத்துங்கள்.

குடும்பத்தார் எல்லோருடைய பிரஷ்ஷும் ஒரே டம்ளரில் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்திருப்பதும் இதே வகைத் தவறு. தலைகள் உரசினால் ஒருவர் வாயில் உள்ளது மற்றவருக்குப் போகும். தனித்தனி துளைகள் உள்ள ஸ்டாண்ட் நல்லது. அந்த ஸ்டாண்டின் அடியையும் கவிழ்த்துப் பாருங்கள். வடிந்த தண்ணீர் தேங்கி, வழுவழுவென்று ஒரு பாசி பிடித்திருக்கும். வாரம் ஒருமுறை சோப்புப் போட்டுக் கழுவி, காயவைக்க வேண்டும். ஒரே பேஸ்ட் டியூபைப் பலர் பயன்படுத்தினால், டியூபின் வாய் பிரஷ் இழையில் படாமல் பிதுக்கப் பழகுங்கள்.

கழிப்பறையும் குளியலறையும் ஒன்றாக இருந்தால், ஃப்ளஷ் செய்யும்போது கண்ணுக்குத் தெரியாத நீர்த்திவலைகள் காற்றில் எழும்பி அக்கம்பக்கத்தில் படியும். முதலில் கழிப்பறைக் கோப்பையின் மூடியைக் கவிழ்த்துவிட்டு ஃப்ளஷ் செய்யுங்கள். பிரஷ் ஸ்டாண்டை முடிந்தவரை தள்ளி, காற்றோட்டமான இடத்தில் வைத்தால் இரட்டை நன்மை.

கொதிநீர், மைக்ரோவேவ், பிளீச்

கிருமியை ஒழிக்கிறேன் என்று பிரஷ்ஷையே ஒழிக்கும் வழிகள் இவை. இழைகள் பெரும்பாலும் நைலான். கொதிக்கும் நீரில் அது இளகி வளைந்துவிடும். ஆறிய பிறகும் பழைய நிமிர்வு திரும்பாது. பாத்திரம் கழுவும் இயந்திரத்தின் சூட்டிலும் இதே கதிதான். மைக்ரோவேவ் இன்னும் மோசம். வழக்கமான பிரஷ்களில் ஒவ்வோர் இழைக்கொத்தும் நடுவில் மடிக்கப்பட்டு, ஒரு சிறு உலோகத் தகட்டால் துளைக்குள் பிடிப்பிக்கப்பட்டிருக்கும். அந்த உலோகத்தை மைக்ரோவேவில் வைக்கக் கூடாது. பிளீச் வாய்க்குள் போகும் பொருளுக்கு ஆகவே ஆகாது.

கிருமிநாசினியில் ஊறவைத்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் யாருக்கும் இல்லை. மனம் கேட்கவில்லை என்றால், கிருமிநாசினி மவுத்வாஷிலோ 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடிலோ தலைப்பகுதி மட்டும் மூழ்கும்படி சில நிமிடம் வைத்து, நல்ல தண்ணீரில் அலசுங்கள். அந்தத் திரவத்தைக் கொட்டிவிட வேண்டும். ஒரே கோப்பையில் இரண்டு பேருடைய பிரஷ்ஷை முக்குவதும், நாள் முழுக்க அதிலேயே ஊறப்போடுவதும் கூடாது. புற ஊதாக்கதிர்ப் பெட்டிகள் கிருமிகளைக் குறைக்கும். ஆனால் ஒளி படாத இழை அடியில் அவற்றின் வேலை செல்லாது. கையால் தேய்த்துக் கழுவாமல் அந்தப் பெட்டியை நம்பியிருப்பது வீண்.

எப்போது மாற்றுவது?

மூன்று முதல் நான்கு மாதத்துக்கு ஒருமுறை என்பது பல் மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு. ஒரு நாளைக்கு இரண்டு முறை, தடவைக்கு இரண்டு நிமிடம் என்றால் 90 நாளில் அந்த பிரஷ் 6 மணி நேரம் தேய்ந்திருக்கும். வாங்கிப் பிரித்த தேதியைப் பிடியில் மார்க்கரால் எழுதிவிட்டால் ஞாபகப் பிழைக்கு இடமில்லை.

ஆனால் தேதியைவிட இழைகளைத்தான் நம்ப வேண்டும். பிரஷ்ஷைத் திருப்பி, தலையின் முதுகுப்புறத்தைப் பாருங்கள். அங்கிருந்து பார்க்கும்போது இழைகள் விளிம்பைத் தாண்டி வெளியே எட்டிப் பார்த்தால், மாதம் ஒன்றுதான் ஆகிறது என்றாலும் மாற்றிவிடுங்கள். காரணம் எளிது. ஈறும் பல்லும் சேரும் விளிம்பை இழையின் நுனிதான் வழித்தெடுக்கிறது. பிரஷ்ஷை 45 பாகைச் சாய்வில் வைத்தால் நேரான இழையின் நுனி அந்த இடுக்கில் போய் உட்காரும். விரிந்த இழை வழுக்கி, பல்லின் முகப்பை மட்டும் தடவிவிட்டு வரும். துலக்கிய திருப்தி இருக்கும். ஈறோரத்தில் படலம் அப்படியே இருக்கும். அதுதான் நாளடைவில் பற்காரையாக இறுகுகிறது.

சில வாரங்களிலேயே இழைகள் விரிந்துவிடுகிறதா? குற்றம் பெரும்பாலும் பிரஷ்ஷிடம் இல்லை, கை அழுத்தத்தில் இருக்கிறது. அந்த அழுத்தம் ஈறைக் கீழிறக்கும், பல்லின் கழுத்துப் பகுதியைத் தேய்த்துக் கூச்சத்தைக் கொண்டுவரும். மிருதுவான இழை உள்ளதாக வாங்கி, பேனா பிடிப்பதுபோல விரல்களால் பிடித்துத் துலக்கிப் பாருங்கள். முஷ்டியால் பிடிக்கும்போது வரும் பலம் தானாகக் குறையும். பல்லில் கம்பி போட்டிருப்பவர்களுக்கு மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது. கம்பியில் மாட்டி இழைகள் சீக்கிரம் சிதையும். குழந்தைகள் பிரஷ்ஷைக் கடித்து மெல்லுவார்கள் என்பதால், அவர்களுடையதை மாதம் ஒருமுறையாவது நீங்களே பாருங்கள்.

மின் பிரஷ்ஷில் தலையையும் இதே காலத்துக்குள் மாற்ற வேண்டும். பலர் அதைப் பிடியிலிருந்து கழற்றுவதே இல்லை. கழற்றினால் இணைப்புத் தண்டைச் சுற்றிக் கருப்பாக ஒரு பிசுக்கு தெரியும். வாரம் ஒருமுறை கழற்றித் தலையின் உட்புறத்தைக் கழுவி, தண்டை ஈரத்துணியால் துடைத்து, இரண்டையும் தனித்தனியே காயவிடுங்கள். மூங்கில் பிடி உள்ளவை தண்ணீரை உறிஞ்சும்; பிடியைத் துடைத்து வைக்காவிட்டால் அடிப்பாகம் கறுத்துப்போகும்.

உடம்பு சரியில்லாதபோது

சளி, காய்ச்சல் வந்து போனதும் பிரஷ்ஷைத் தூக்கி எறியாவிட்டால் அதே நோய் திரும்பிவிடும் என்ற பயம் பரவலாக இருக்கிறது. அந்தக் கிருமிக்கு எதிரான எதிர்ப்பை உடல் ஏற்கெனவே உருவாக்கியிருக்கும். நோயாளியின் பிரஷ்ஷை மற்றவர்களுடையதிலிருந்து விலக்கி வைப்பதுதான் முக்கியம். வாயில் பூஞ்சைத் தொற்று வந்திருந்தால் மட்டும் பிரஷ்ஷை மாற்றிவிடுங்கள். புற்றுநோய் சிகிச்சை போன்றவற்றால் எதிர்ப்பாற்றல் குறைந்திருப்பவர்கள் எத்தனை நாளைக்கு ஒருமுறை மாற்றுவது என்று தங்கள் மருத்துவரிடமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

பிரஷ்ஷைப் பகிர்வதில் மட்டும் சமரசமே வேண்டாம். கணவன் மனைவியானாலும் சரி, தாய் பிள்ளையானாலும் சரி. ஈறில் கசியும் துளி ரத்தம் வழியாக ஹெபடைடிஸ் பி போன்ற தொற்றுகள் பரவ இடமுண்டு. தவறுதலாக வேறொருவர் எடுத்துப் பயன்படுத்திவிட்டால், அன்றே புதியதை எடுத்துவிடுங்கள்.

மாற்றிய பழைய பிரஷ்ஷைச் சீப்பு, குழாய் இடுக்கு தேய்க்க வைத்துக்கொள்வதானால், பிடியின் நுனியை வெட்டி அடையாளப்படுத்தி, பல் பிரஷ்கள் இருக்கும் இடத்தில் இல்லாமல் வேறு எங்காவது வையுங்கள். அரைத்தூக்கத்தில் கைக்கு எட்டியதை எடுத்து யாரும் பேஸ்ட் வைத்துவிடக் கூடாது.