எழுவதும் எழுப்புவதும்: ஆங்கில வினைகளைத் தேர்ந்தெடுக்கும் வழி

ஆங்கிலத்தின் ‘ரைஸ்’, ‘ரெய்ஸ்’ ஆகிய வினைகளில் தடுமாறுவோர், விதியை மனப்பாடம் செய்வதற்கு முன், தமிழில் எழுவதற்கும் எழுப்புவதற்கும் உள்ள வேறுபாட்டை நினைத்துப் பார்க்க வேண்டும். விலை தானாக உயர்ந்தால் ‘ரைஸ்’. கடைக்காரர் விலையை உயர்த்தினால் ‘ரெய்ஸ்’. வினையிடம் ‘எதை?’ என்று கேளுங்கள். வாக்கியத்தில் விடை இருந்தால் ‘ரெய்ஸ்’தான் சரி. தன்வினை, பிறவினை என்று பள்ளியில் படித்த இலக்கணம் இங்கே அப்படியே கைகொடுக்கிறது.

‘லை’, ‘லே’ இணைக்கும் இதே கேள்வி பொருந்தும்: நாம் படுத்தால் ‘லை’, குழந்தையைப் படுக்க வைத்தால் ‘லே’. உண்மையான சிக்கல் இறந்தகாலத்தில்தான் இருக்கிறது, ஏனெனில் ‘லை’ என்பதன் இறந்தகால வடிவமும் ‘லே’ என்றே அமைகிறது. குழந்தையைப் படுக்க வைத்ததற்கோ ‘லெய்ட்’ என்று எழுத வேண்டும். ஆகவே ‘நேற்று மதியம் படுத்தேன்’ என்பதற்கு ‘ஐ லே டவுன் யெஸ்டர்டே ஆஃப்டர்நூன்’ என்பதே சரி. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே பேச்சில் ‘ஐ லெய்ட் டவுன்’ என்று சொல்வதுண்டு என்பதால், இதில் தவறியவர் மனம் தளர வேண்டியதில்லை; ஆயினும் தேர்விலும் விண்ணப்பக் கடிதத்திலும் கவனம் தேவை. பொய் சொல்லும் ‘லை’ வேறு வினை. அதன் இறந்தகாலம் ‘லைட்’.

‘பாரோ’, ‘லெண்ட்’ எளிதானவை. பேனாவை இரவல் வாங்குபவர் ‘கேன் ஐ பாரோ யுவர் பென்?’ என்று கேட்கலாம். கொடுப்பவரை முன்னிறுத்தினால் ‘கேன் யூ லெண்ட் மீ யுவர் பென்?’ என்று கேட்க வேண்டும்.