அலையாத்தி வேர்களுக்குள் ஸ்கூபா: சேறு கிளப்பாமல் போய் வருவது எப்படி?

சான்றிதழ் வாங்கி, பவளப்பாறையில் நாலைந்து முறையாவது இறங்கியவர்களுக்கு எழுதுகிறேன். அந்தத் தைரியத்தில்தான் நானும் சுரபுன்னை என்ற அலையாத்தி மரத்தின் வேர்களுக்குள் போனேன். இரண்டு மீட்டர் ஆழம்தானே என்ற நினைப்பு வேறு.

1. நேரம்

கடல் ஏற்றம் முடியும் தறுவாயில் இறங்குங்கள். தெளிந்த கடல்நீர் உள்ளே வந்து நிற்கும் நேரம் அது. வடியத் தொடங்கினால் வண்டலும், இலை ஊறிய தேநீர் நிறத் தண்ணீரும் வெளியே வரும். முதலை நடமாடும் இடமென்றால் இறங்கவே வேண்டாம்.

2. எடை

நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். மேற்பரப்பிலிருந்து 10 மீட்டர் இறங்கினால் அழுத்தம் இரண்டு மடங்கு. அடுத்த 10 மீட்டரில் அது ஒன்றரை மடங்குதான் ஆகும். ஆக, காற்று வேகமாகச் சுருங்கி விரிவது மேல்மட்டத்தில்தான். ஓர் அடி ஏறினாலே பிசிடி (மிதப்பைச் சரிசெய்யக் காற்றடைக்கும் மேலங்கி) இன்னும் மேலே இழுக்கும். போதாததற்கு, அலுமினிய சிலிண்டர் காலியாகக் காலியாக மிதக்கப் பார்க்கும்.

நான் எடை பார்த்தது நிறைந்த சிலிண்டரோடு. முக்கால் மணி நேரத்தில் மெல்ல மேலே போய், சிலிண்டரின் வால்வு ஒரு வளைந்த வேருக்கடியில் கொக்கிபோல மாட்டியது. பதறி உதைத்தேன். அவ்வளவுதான், கையிலிருந்த அழுத்தமானிகூடத் தெரியவில்லை. உதைப்பதை நிறுத்தி மூச்சை நீளமாக விட்டேன். ஒரு சாண் இறங்கியதும் 'டொக்' என்று வால்வு விடுபட்டது.

ஆகவே சிலிண்டரில் 50 பார் (அழுத்த அளவு) காற்று மிச்சமிருக்கும்போது, பிசிடியைக் காலி செய்து, அதே தண்ணீரில் எடை பாருங்கள். சாதாரண மூச்சோடு அசையாமல் நிற்கும்போது கண்மட்டத்தில் மிதந்தால் சரி. கடலில் பார்த்த கணக்கு, நன்னீர் கலந்த இடத்தில் பொருந்தாது.

3. உதை

தவளை உதை மட்டும்தான். முழங்காலை மடக்கி, காலில் மாட்டிய துடுப்பு உடம்பைவிட உயரமாக இருக்கட்டும். நீளமான, தொளதொள துடுப்புகள் எனக்குப் பிடிக்காது. குட்டையான, விறைப்பானதே இங்கே லாயக்கு. பின்னோக்கி நீந்த வராவிட்டால் வேர்களை நெருங்காதீர்கள்.

4. தொங்கும் சாமான்கள்

மாற்று ரெகுலேட்டரையும் (உபரி மூச்சுக்கருவி) அழுத்தமானியையும் மார்போடு கிளிப் செய்யுங்கள். ஸ்நார்க்கலைக் கழற்றிவிடுங்கள். பெரிய கத்தி வீண் பந்தா. நைலான் நரம்பை அறுக்கும் சின்ன வெட்டியே போதும்.

5. பாதை

ஓடையின் ஓரமாகவே போங்கள். தலைக்கு மேல் வேர்கள் கூரை போட்ட இடத்துக்குள் நுழையாதீர்கள். வெளியே நின்று பார்த்தாலே குஞ்சு மீன்கள் கூட்டமாகத் தெரியும். வேரைப் பிடிக்கவும் வேண்டாம், ஒட்டியிருக்கும் சிப்பிகள் பிளேடு மாதிரி.

பின்சேர்க்கை: மேல்மட்டத்தில் எண்ணெய் கலந்ததுபோல் மங்குகிறதே, முகமூடி கெட்டுவிட்டதா என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். இல்லை, உப்புநீர்மேல் நன்னீர் படிந்து கலக்கும் இடம் அது. அரை மீட்டர் இறங்கிப் பாருங்கள். எதையும் தொடாமலே தோல் எரிந்தது என்றார் இன்னொருவர். தலைகீழாகப் படுத்திருக்கும் காசியோப்பியா ஜெல்லி மீனின் வேலையாக இருக்கலாம். கொட்டும் செல்களைச் சளியோடு தண்ணீரில் விடும். வெயில் எவ்வளவு அடித்தாலும் முழுக்கை உடையைக் கழற்றாதீர்கள்.