ரிசல்ட் வந்த பிறகு விழித்துக்கொள்வது: புதிய கிளாஸ் அட்வைசர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எம்.இ. முடித்து வேலையில் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. எச்.ஓ.டி. (துறைத் தலைவர்) கூப்பிட்டு மென்டர் புத்தகக் கட்டு ஒன்றைக் கையில் கொடுப்பார். "இந்த இருபது பேரும் இனிமே உங்க பொறுப்பு சார்." அந்தப் பொறுப்பு என்ன, அதை எப்படிச் செய்வது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. அதனால் புதியவர்கள் செய்யும் தவறுகள் வருடா வருடம் ஒரே மாதிரி இருக்கின்றன. இன்று மூத்தவர்களாக உட்கார்ந்திருப்பவர்களும் இதே இடங்களில் சறுக்கியவர்கள்தான். மாணவரை எல்லோர் முன்னிலும் திட்டாதீர்கள் என்பது போன்றவை சொல்லாமலே தெரியும், அவற்றை விட்டுவிடுவோம்.

கீழே வரும் கணக்குகள் அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளுக்கான 2021 விதிமுறைப்படி போட்டவை.

தான் படித்த காலத்து விதியை வைத்து அறிவுரை சொல்வது

2017 விதிமுறையில் தியரி தாளுக்கு இன்டர்னல் (கல்லூரியிலேயே போடும் மதிப்பெண்) 20, செமஸ்டர் தேர்வு 80. 2021 விதிமுறையில் அது 40, 60 ஆகிவிட்டது. 2025-ல் சேர்ந்தவர்களுக்கு இன்னொரு விதிமுறை வந்துவிட்டது. தன்னாட்சிக் கல்லூரிகள் தங்களுக்கென்று தனி விதி வைத்திருக்கின்றன. முதல் விதிமுறையில் படித்து வந்த ஆசிரியர் இரண்டாவதில் படிக்கும் பையனிடம் "இன்டர்னல் போனா போகுது, எக்ஸ்டர்னல்ல பாத்துக்கலாம்" என்று ஆறுதல் சொல்வதில்தான் அடுத்து வரும் தவறு தொடங்குகிறது.

ரிசல்ட் வரும்வரை காத்திருப்பது

மற்றவற்றை மன்னித்துவிடலாம். இதை இத்தனை வருடம் கழித்தும் பொறுக்க முடியவில்லை. ஏனென்றால் இதைத் தடுக்கத் தேவைப்படுவது ஒரு தாளும் பேனாவும் அரை மணி நேரமும்தான்.

தேர்ச்சிக்கு இரண்டு நிபந்தனை. இன்டர்னலும் தேர்வும் சேர்ந்து 100-க்கு 50 வர வேண்டும். அதோடு, தேர்வில் மட்டும் 45 சதவீதம் வர வேண்டும். அதாவது 60-க்கு 27. வினாத்தாள் 100 மதிப்பெண்ணுக்கு இருப்பதால், தாளில் 45 எடுத்தால் 27 கிடைத்துவிடும். ஐம்பதில் 27 போக மீதி 23. ஆக, இன்டர்னலில் 40-க்கு 23 வைத்திருக்கும் மாணவருக்குத் தாளில் 45 போதும். 23-க்குக் கீழே ஒவ்வொரு மதிப்பெண் குறையும்போதும் தாளில் ஒன்றே முக்கால் மதிப்பெண்போல் கூடுதலாகத் தேவைப்படும்.

அந்த 40 எங்கிருந்து வருகிறது? இரண்டு அசெஸ்மென்ட்; ஒவ்வொன்றும் 100-க்கு. அதில் எழுத்துத் தேர்வு 60, அசைன்மென்ட் அல்லது செமினார் அல்லது மினி புராஜெக்ட் 40. இரண்டும் சேர்ந்த 200-ஐ 40-ஆகச் சுருக்குகிறார்கள். அசைன்மென்டில் ஐந்து மதிப்பெண் போனால் இன்டர்னலில் ஒன்று போகிறது. 40 மதிப்பெண் அசைன்மென்ட் ஒன்றைக் கொடுக்காமலே விட்டால் இன்டர்னலில் 8 போச்சு. அதைத் தாளில் ஈடுகட்ட 13 மதிப்பெண்ணுக்குக் கொஞ்சம் மேலே எடுக்க வேண்டும். அதாவது பார்ட் பி-யில் ஒரு முழுக் கேள்வி. ராத்திரி உட்கார்ந்து நாலு பக்கம் எழுதினால் முடிகிற வேலைக்குப் பதிலாக, தேர்வு அறையில் ஒரு முழு 13 மார்க் கேள்வி!

இரண்டு மாணவர்களைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் மாணவர் முதல் அசெஸ்மென்டில் தேர்வில் 22 எடுத்தார், அசைன்மென்ட் கொடுக்கவில்லை. இரண்டாவதில் தேர்வு 25, அசைன்மென்ட் 28. மொத்தம் 75, இன்டர்னல் 15. இன்னொருவருக்கு முதல் அசெஸ்மென்டில் 24, அசைன்மென்ட் 34. அடுத்ததில் 26, 36. மொத்தம் 120; இன்டர்னல் 24. எழுத்துத் தேர்வில் இரண்டு பேருக்கும் இரண்டு மூன்று மார்க்குக்கு மேல் வித்தியாசம் இல்லை என்பதைக் கவனியுங்கள். செமஸ்டர் தாளில் முதல் மாணவர் 52 எடுக்கிறார், மற்றவர் 45. முதலாமவருக்கு 31.2 கூட்டல் 15, ஆக 46.2. கிரேடு U, அதாவது தேர்ச்சி இல்லை. இரண்டாமவருக்கு 27 கூட்டல் 24, ஆக 51. பாஸ்.

நன்றாக எழுதியவருக்குக் கப்பு, அதாவது அரியர். சுமாராக எழுதியவர் தப்பித்தார். கொடுக்காமல் விட்ட அந்த ஓர் அசைன்மென்டை எழுதிக் கொடுத்து அதற்கு 30 கிடைத்திருந்தால் இன்டர்னல் 21 ஆகியிருக்கும், 52.2-ல் கரை சேர்ந்திருப்பார்.

இதோடு முடிந்தால் பரவாயில்லை. முதல் முறை வாங்கிய இன்டர்னல் அப்படியே ஒட்டிக்கொண்டு வரும். அந்த மாணவர் அடுத்த முறை எழுதும்போது அதே 15-ஐச் சுமந்துகொண்டுதான் எழுத வேண்டும். தாளில் 59 எடுத்தாக வேண்டும். 52 எடுத்தே தோற்றவரிடம் 59 கேட்கிறோம், அதுவும் அந்தப் பாடத்தின் வகுப்பு முடிந்து ஆறு மாதம் கழித்து. மூன்றாவது முயற்சியிலிருந்துதான் ஒரு வழி திறக்கிறது: இரண்டும் சேர்ந்து 50 வராவிட்டாலும், தாளில் மட்டும் 50 எடுத்தால் தேர்ச்சி. அதுவரை ஒரு வருடம் போயிருக்கும். கேம்பஸ் இன்டர்வியூவில் ஸ்டாண்டிங் அரியர் (இன்னும் முடிக்காத தாள்) இல்லையென்றாலும் "ஹிஸ்டரி ஆஃப் அரியர்" என்றொரு கட்டத்தை நிரப்ப வேண்டியிருக்கும்.

செய்ய வேண்டியது இது. முதல் அசெஸ்மென்ட் மதிப்பெண் வந்த அன்றே ஒரு தாளில் பெயர்களை எழுதுங்கள். 23-க்கு ஐந்து மடங்கு 115. ஒவ்வொரு பாடத்துக்கும் 115-லிருந்து முதல் அசெஸ்மென்ட் மதிப்பெண்ணைக் கழித்து எதிரே எழுதுங்கள். 22 வாங்கியவருக்கு 93 என்று வரும். அது நடக்கிற காரியமில்லை, ஆனால் எவ்வளவு நெருங்குகிறாரோ அவ்வளவு லாபம். 45 வாங்கியவருக்கு 70 வரும், அது நடக்கும். மாணவரைத் தனியே கூப்பிட்டு அந்த ஓர் எண்ணை மட்டும் காட்டுங்கள். "நல்லா படிப்பா" என்பது காதில் ஏறாது. "ரெண்டாவது அசைன்மென்ட்ல 35, டெஸ்ட்ல 35, அவ்வளவுதான் வேணும்" என்பது ஏறும்.

ஒரு பக்கக் குறிப்பு: சில இடங்களில் இந்தத் தொல்லையே வேண்டாம் என்று எல்லோருக்கும் 36, 38 என்று இன்டர்னலை வாரி வழங்கிவிடுவார்கள். தாளில் 45 வராதவரை அந்த 38-ம் காப்பாற்றாது. தன் நிலைமை என்ன என்பதே மாணவருக்குத் தெரியாமல் போவதுதான் மிச்சம்.

"ரெண்டு யூனிட் படிச்சா பாஸ்"

விடுதிகளில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் பொய். பார்ட் ஏ-யில் பத்து இரண்டு மார்க், யூனிட்டுக்கு இரண்டு. பார்ட் பி-யில் யூனிட்டுக்கு ஒன்றாக ஐந்து 13 மார்க், ஒவ்வொன்றிலும் 'அ அல்லது ஆ'. பார்ட் சி ஒரே ஒரு 15 மார்க். இரண்டு யூனிட்டைக் கரைத்துக் குடித்து, ஒரு மார்க்கும் குறையாமல் எழுதினாலும் 26 கூட்டல் 8, மொத்தம் 34. மூன்று யூனிட் என்றால் 51. ஆனால் யாரும் முழு மார்க் வாங்குவதில்லை. பின்தங்கிய மாணவருக்குப் போட வேண்டிய திட்டம்: மூன்று யூனிட் முழுதாக, மீதி இரண்டில் இரண்டு மார்க் கேள்விகள் மட்டும். 59 வரை இடம் இருக்கிறது. கால்வாசி போனாலும் 44. பார்ட் சி-யைத் தொடாமல் விடாமல் ஏதாவது எழுதினால் 45 தாண்டும். ரெமடியல் வகுப்பை ஐந்து யூனிட்டுக்கும் பரப்பி நடத்துவது ஃபைலுக்கு அழகு. மாணவருக்கு உதவாது.

வகுப்பை மாலை வைத்துவிட்டு "வரவே மாட்டேங்கிறாங்க" என்று புலம்புவதும் உண்டு. காலேஜ் பஸ் எத்தனை மணிக்குக் கிளம்புகிறது என்று முதலில் விசாரியுங்கள்.

ஸ்லோ லேர்னர் பட்டியலை வகுப்பில் வாசிப்பது

வேண்டாம்.

மொழிச் சிக்கலை மூளைச் சிக்கல் என்று நினைப்பது

அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு 2021 முதல் பொறியியலுக்கும் வந்தது. அதில் வருபவர்களில் பலர் தமிழ்வழியில் படித்தவர்கள். மேட்ரிக்ஸ் கணக்கைப் பலகையில் தப்பில்லாமல் போடுவார். அதே பையன் "ஸ்டேட் கேலி ஹாமில்டன் தியரம்" என்றால் பேனாவை வைத்துவிடுவார். சோதித்துப் பார்ப்பது எளிது. விடையைத் தமிழில் வாயால் சொல்லச் சொல்லுங்கள். சொல்லிவிட்டால் அவருக்குப் பாடம் தெரியும். ஆங்கில வாக்கியம்தான் இல்லை. அப்போது பாடத்தை மறுபடி நடத்தாதீர்கள். யூனிட்டுக்குப் பத்து இரண்டு மார்க் விடைகளை, ஒவ்வொன்றும் இரண்டே வரியில், எழுதிப் பழகச் சொல்லுங்கள். 2021 பாடத்திட்டத்தில் 'தமிழர் மரபு' தாள் முதல் செமஸ்டரிலேயே இருக்கிறது. அதில் நன்றாக எழுதிவிட்டு மற்றவற்றில் திணறுபவர் யார் என்று பாருங்கள். பட்டியல் தானே கிடைத்துவிடும்.

எல்லா அரியரையும் ஒரே முறையில் முடிக்கச் சொல்வது

நடப்பு செமஸ்டர் தாள்கள் ஆறு, அரியர் ஐந்து. "இந்த தடவை எல்லாத்தையும் க்ளியர் பண்ணிடணும்" என்று பெற்றோர் முன்னால் சத்தியம் வாங்குகிறோம். பதினொன்றையும் அரைகுறையாகப் படித்து, நடப்புத் தாளிலும் புதுக் கப்பு சேர்வதுதான் வழக்கமான முடிவு.

கட்டணத்தை எல்லாவற்றுக்கும் கட்டட்டும். படிக்க இரண்டைத் தேர்ந்தெடுங்கள். முதலில் இன்டர்னல் 23-க்கு மேல் உள்ள தாள், ஏனென்றால் 45-ல் முடிந்துவிடும். அடுத்து, மற்ற பாடங்களுக்கு அடித்தளமான தாள்: முதல் செமஸ்டர் கணிதம் நிலுவையில் இருக்கும்போது மூன்றாம் செமஸ்டர் கணிதத்தில் தலையை முட்டிக்கொண்டு பயனில்லை. இன்டர்னல் பத்துப் பன்னிரண்டு என்று கிடக்கும் தாளை மூன்றாவது முயற்சிக்கு ஒதுக்கிவைப்பதில் தவறில்லை. எலெக்டிவ் (விருப்பப்) பாடத்தில் தோற்றிருந்தால் அதையே கட்டிக்கொண்டு அழ வேண்டாம். வேறு எலெக்டிவ் எடுத்துப் படிக்க விதியில் இடம் உண்டு.

போட்டோகாபி பார்க்காமல் ரீவேல்யுவேஷன் ஆசை காட்டுவது

மேலே பார்த்த 52 எடுத்த மாணவர் முதலில் சொல்வது, "திருத்தினவர் மார்க் போடலை". அவருக்குத் தேவை இன்னும் ஏழு மார்க். ஓட்டை இருப்பது இன்டர்னலில். மாறாக, இன்டர்னல் 24 வைத்துக்கொண்டு தாளில் 42-ல் நிற்பவருக்கு மூன்று போதும். இவருக்குத்தான் முயற்சி செய்ய வேண்டும்.

விடைத்தாள் நகல் வந்ததும் மூன்றைப் பாருங்கள்: கூட்டல் சரியா, திருத்தாமல் விட்ட பக்கம் உண்டா, கணக்கில் விடை தப்பானாலும் படிகளுக்கு மார்க் போட்டிருக்கிறார்களா. பிறகு அந்தப் பாடம் எடுக்கும் ஆசிரியர் ஒருவரிடம் கொடுத்துத் திருத்தச் சொல்லுங்கள். விண்ணப்பிக்க விடும் நாள்கள் குறைவு. மாணவர் ஊரில் இருப்பார். ரிசல்ட் வந்த அன்றே போன் போடுங்கள்.

மெடிக்கல் சர்டிஃபிகேட் எல்லாவற்றையும் சரிசெய்யும் என்று நம்புவது

வருகைப்பதிவு 75 சதவீதம் வேண்டும். 65-லிருந்து 74 வரை இருந்தால் மருத்துவக் காரணம், விளையாட்டு போன்றவற்றுக்குத் தளர்வு உண்டு. 65-க்குக் கீழே போனால் எந்தச் சான்றிதழும் செல்லாது. தேர்வு எழுத முடியாது, செமஸ்டரையே திரும்பப் படிக்க வேண்டும். 90 வேலை நாள் என்று வைத்தால் 22 நாள் லீவு வரை கவலையில்லை, 31-ஐத் தாண்டினால் கதை முடிந்தது. விடுதியில் மஞ்சள் காமாலை வந்து ஊருக்குப் போன மாணவர் இந்தக் கணக்கை அங்கிருந்து போட மாட்டார். நீங்கள்தான் போட வேண்டும்.

தேர்வு நேரத்தில் உடம்பு படுத்துகிறது, வீட்டில் அசம்பாவிதம் என்றால் அந்தத் தேர்விலிருந்து விலகிக்கொள்ள 'வித்ட்ராயல்' என்று ஒன்று இருக்கிறது. தேர்வுக்கு முன்பே, எச்.ஓ.டி., முதல்வர் பரிந்துரையோடு விண்ணப்பிக்க வேண்டும். படிப்புக் காலம் முழுவதற்கும் ஒரே ஒரு முறை. அதை ஒரு முயற்சியாகக் கணக்கில் எடுக்க மாட்டார்கள் என்பதால், 8.5 சி.ஜி.பி.ஏ.-வோடு டிஸ்டிங்ஷன் எதிர்பார்க்கும் மாணவருக்கு இது பெரிய விஷயம். காய்ச்சலோடு போய் உட்கார்ந்து U வாங்கிவிட்டால் டிஸ்டிங்ஷன் போய்விடும்.

ஆல் பாஸ் வரும் என்று காத்திருப்பவரைக் கண்டிக்காமல் விடுவது

2020 ஆகஸ்டில், கட்டணம் கட்டிய அரியர் மாணவர்களுக்குத் தேர்ச்சி என்று தமிழக அரசு அறிவித்தது. அடுத்த ஆண்டே சென்னை உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை.

முதல் போனே அப்பாவுக்கு

ஒரு சின்னத் தகவலுக்காகச் செய்யும் போன் அந்த வீட்டில் எப்படி வெடிக்கும் என்பது உங்களுக்குத் தெரியாது. முதலில் மாணவரிடம் பேசுங்கள். வீட்டுக்கு யாரிடம், எதைச் சொல்லலாம் என்று அவரையே கேளுங்கள். பெரும்பாலும் "அம்மாகிட்ட சொல்லுங்க சார்" என்பார். தூக்கமில்லை, சாப்பிடவில்லை, "எதுக்கு சார் இருக்கணும்" என்ற பேச்சு காதில் விழுந்தால் மார்க் கணக்கை மூடிவைத்துவிட்டு, அவரைத் தனியே விடாமல் கல்லூரிக் கவுன்சிலரிடம் நீங்களே அழைத்துப் போங்கள். அந்த நேரத்தில் வீட்டுக்குத் தெரிவிக்கவும் தயங்காதீர்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, எந்நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம்.

காலக்கெடுவை எழுதிவைக்காதது

நான்கு வருடப் படிப்புக்கு அதிகபட்சம் 14 செமஸ்டர். 2022-ல் சேர்ந்தவருக்கு 2029. மென்டர் புத்தகத்தின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில்.